தெருவின் கடைமடை

காலையில் நாளிதழைப் பிரித்தவுடன் உலகம் முழுவதும் நம் கண்முன் வந்து நிற்கின்றது. கடல் கடந்த நாட்டில் யார் ஆட்சி அமைத்தார்கள், எந்த நகரில் நிலம் நடுங்கிற்று என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. ஆனால், நாம் குடியிருக்கும் தெருவின் கோடியில் உள்ள விளக்கு எத்தனை நாளாக எரியவில்லை என்று ஒருவர் கேட்டால், நம்மில் பலர் விடை தெரியாமல் விழிக்கிறோம். தொலைவில் நடப்பது செய்தி, அருகில் நடப்பது வம்பு என்று எண்ணிப் பழகிவிட்டோம். இந்த எண்ணம் சரிதானா? தஞ்சை நகரத்தையும் அதனைச் சூழ்ந்த காவிரிக் கழனிகளையும் சான்றாக வைத்துக்கொண்டு இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் வம்பையும் செய்தியையும் பிரித்தறிய வேண்டும். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு ஏன் இன்னும் மணமாகவில்லை என்று பேசுவது வம்பு. அடுத்த வீட்டின் முன்னே சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது என்பது செய்தி. வம்பு ஒரு மனிதரைப் பற்றியது. பேசுகிறவருக்குச் சுவையைத் தவிர அதனால் வேறு பயன் இல்லை. செய்தியோ எல்லோருக்கும் பொதுவானது. அதைத் தெரிந்துகொண்டவருக்கு உடனே ஒரு கடமையும் வந்து சேர்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாயை மூட வேண்டிய தேவையும் இல்லை. அது பேசும் பொருளை மாற்றினால் போதும்.

தெருவையும் வீட்டையும் கணக்கிட்டு அறிந்துகொள்ளும் பழக்கம் தஞ்சைக்குப் புதியதன்று. முதலாம் இராசராசன் எடுப்பித்த பெரிய கோயில் 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதன் சுவர்களிலே வெட்டப்பட்ட கல்வெட்டுகளுள் ஒன்று, கோயிற் பணிக்காகப் பல ஊர்களிலிருந்து வந்து குடியேறிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் பெயராகக் குறிப்பிடுகின்றது. பெயரோடு அது நின்றுவிடவில்லை. எந்தத் தெரு, தென்சிறகா வடசிறகா, அச்சிறகில் தலைவீடா இரண்டாம் வீடா என்று வரிசை பிறழாமல் சொல்லிக்கொண்டே போகின்றது. வீட்டு வரிசைக்குச் சிறகு என்று பெயரிட்ட அழகைப் பாருங்கள். தெரு ஒரு பறவை. இருபுறத்து வீடுகளும் அதன் இரு சிறகுகள்.

இவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்தது எதற்காக? ஒவ்வொருவருக்கும் ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் பங்காக வகுக்கப்பட்டிருந்தது. அந்தப் பங்கு தலைவீட்டுக்குச் சேர்வதுபோலவே கடைவீட்டுக்கும் சேர வேண்டும். முகவரி கல்லில் எழுதப்பட்டதன் பொருள் இதுதான். ஒரு தெருவில் எத்தனை வீடு, எந்த வீட்டில் யார் என்பதை அறிந்தாலொழிய ஒருவருக்கு உரியதை அவரிடம் சேர்க்க இயலாது.

அடுத்து நீரைப் பார்ப்போம். நகரின் மேற்புறத்தில் சேவப்பநாயக்கன் ஏரி இருக்கிறது. தஞ்சை நாயக்கர் மரபின் முதல் மன்னர் சேவப்பரின் பெயர் தாங்கியது. அங்கே தேங்கிய மழைநீர் சிவகங்கைக் குளத்துக்கு வந்து, அதிலிருந்து நிலத்தடி வழியாக நகரத்துக் குளங்களுக்குச் சென்றது. மேலவீதியில் உள்ள அய்யன்குளம் அவ்வாறு நீர் பெற்ற குளங்களுள் ஒன்று. மின்சாரமும் நீரேற்றும் பொறியும் இல்லாத காலத்தில், நிலத்தின் சரிவு ஒன்றையே துணையாகக் கொண்டு செய்த ஏற்பாடு அது.

பின்னாளில் குழாய் வந்தது. குழாய் வந்ததும் குளத்தின்மேல் வைத்த கண் அகன்றது. வழி எங்கே தூர்ந்தது, எங்கே அடைந்தது என்று கேட்பார் இல்லை. குளத்தில் நீர் வற்றுவதற்கு முன்பே, குளத்தைப் பற்றிய பேச்சு தெருவில் வற்றிவிட்டது என்று நான் சொல்வேன். அண்மை ஆண்டுகளில் சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் அய்யன்குளம் செப்பனிடப்பட்டபோது, அந்தப் பழைய நீர்வழியையும் தேடிக் கண்டு சீர்செய்தார்கள். தாத்தாவுக்குத் தெரிந்திருந்த ஒரு தெருச் செய்தியைப் பேரன் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

இன்று தஞ்சை மக்கள் குடிக்கும் நீர், திருமானூருக்கு அருகே கொள்ளிடத்தின் ஆற்றுப்படுகையிலிருந்து வருகிறது. ஆற்றிலிருந்து நீரேற்றம், நீரேற்றத்திலிருந்து மேல்நிலைத் தொட்டி, தொட்டியிலிருந்து தெருக்குழாய், தெருக்குழாயிலிருந்து வீடு என்று படிப்படியாக அது இறங்கி வருகிறது. இங்கேதான் நம் உழவர்களிடமிருந்து நாம் ஒரு பாடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

காவிரிப் பாசனத்தில் தலைமடை, கடைமடை என்று இரண்டு சொற்கள் உண்டு. வாய்க்கால் தொடங்குமிடத்தில் உள்ள வயல் தலைமடை. வாய்க்கால் முடியுமிடத்தில் உள்ள வயல் கடைமடை. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. குருவைச் சாகுபடிக்காக ஜூன் 12-ஆம் நாள் அதனைத் திறப்பது மரபு. நீர் இருப்பைப் பொறுத்து அந்நாள் முன்பின்னாக மாறுவதும் உண்டு. பல ஆண்டு இடைவெளிக்குப் பின் 2020-இல் ஜூன் 12 அன்றே அணை திறக்கப்பட்டது. 2022-இல் மே 24 அன்றே நீர் வந்தது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. அணை திறந்தது என்றவுடன் பத்திரிகைக்குச் செய்தி முடிந்துவிடுகிறது. கடைமடை உழவருக்கோ அப்போதுதான் செய்தி தொடங்குகிறது. கல்லணையைத் தாண்டிற்றா? கிளை வாய்க்காலின் மதகு திறந்ததா? நடுவில் உடைப்பு ஏதும் உண்டா? தஞ்சை நகரின் ஊடே ஓடும் கல்லணைக் கால்வாயை இங்குள்ளோர் புதுஆறு என்பர். அது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களையும் கடந்து புதுக்கோட்டை மாவட்டம் வரை செல்கிறது. ஆற்றுப்பாலத்தில் நின்று, கரை தழுவி ஓடும் வெள்ளத்தைப் பார்த்து நாம் மகிழ்கின்ற வேளையில், அதே ஆற்றின் கோடியில் ஒருவர் வறண்ட வாய்க்காலில் நின்றுகொண்டு வடக்கே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வயலில் நீர் ஏறும்வரை பாசனம் நடந்ததாகக் கணக்கில்லை.

தெருவும் ஒரு வாய்க்கால்தான். அதற்கும் தலைமடை உண்டு, கடைமடை உண்டு. தொட்டிக்கு அருகில் உள்ள முதல் வீட்டுக் கதவைத் தட்டி, "தண்ணீர் வந்ததா?" என்று கேட்டால், "வந்தது" என்றே விடை வரும். அது பொய்யன்று. அந்த விடையைக் கேட்டுக்கொண்டு திரும்பும் ஊழியர், "இத்தெருவுக்கு நீர் வழங்கப்பட்டது" என்று ஏட்டில் எழுதுவார். அதுவும் பொய்யன்று. ஆயினும், கோடி வீட்டு அம்மையார் இரவெல்லாம் குடத்தை வைத்துக்கொண்டு விழித்திருந்தது அந்த ஏட்டில் ஏறுவதில்லை. இரண்டு மெய்களுக்கு நடுவே ஒரு பெரிய குறை மறைந்துவிடுகிறது. தெருக்குழாயில் மின் மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சும் வீடு நடுவில் ஒன்று இருந்துவிட்டால், சொல்லவே வேண்டா. வாய்க்கால் கரையை இரவில் வெட்டி நீரைத் திருப்பிக்கொள்வதை ஊரார் குற்றம் என்கிறார்கள். குழாயில் அதையே செய்தால் சாமர்த்தியம் என்கிறோம்.

மழைக்காலத்தில் இதே கணக்குத் தலைகீழாகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது, மேட்டிலுள்ள வீட்டுக்காரர் மழை நன்றாகப் பெய்கிறது என்று மகிழ்வார். அவர் வாசலில் வழிந்த நீரும் அதனோடு வந்த குப்பையும் பள்ளத்து வீட்டில் போய்ச் சேரும். குடிநீர் கடைசியாக வந்து சேரும் வீட்டுக்கே கழிவுநீர் முதலில் வந்து சேர்கிறது. ஆகையால், ஒரு தெரு நலமாக இருக்கிறதா என்று அறிய விரும்புகிறவர், அதன் கோடிக்கு நடந்து செல்ல வேண்டும்.

தெருவின் சிறு செய்திகள் சிறியனவாகவே இருந்துவிடுவதில்லை. தஞ்சைக்கு அருகிலுள்ள களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை நிகழ்ந்ததை மாணவர்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். அப்பர் சதய விழாவின் தேர் உலா வந்துகொண்டிருந்தது. தேரின் மேற்பகுதி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு, சிறுவர்கள் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். அந்தச் சாலை அண்மையில் செப்பனிடப்பட்டு முன்னிலும் உயர்ந்திருந்தது என்று அப்போது வந்த செய்திகள் கூறின. சாலை உயர்வது ஒரு செய்தி. கம்பியின் உயரம் ஒரு செய்தி. தேரின் உயரம் மற்றொரு செய்தி. தனித்தனியே பார்த்தால் இவற்றுள் எதுவும் அச்சம் தருவதன்று. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் பணிக்கப்பட்டிருக்கவில்லை என்பதே கொடுமை. துயருற்ற அவ்வூர் மக்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நம் தெருக்கள் பலவற்றிலும் நிலை அதுதான். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை ஓர் அடுக்கு உயர்கிறது. வீட்டு வாசல் தாழ்கிறது, கம்பி நெருங்குகிறது. நாள்தோறும் அவ்வழியே நடக்கிறவர் கண்ணுக்கே அது முதலில் தெரியும். தெரிந்தவர் சொல்லுவதும், சொன்னதைக் கேட்பார் இருப்பதும்தான் காப்பு.

சொல்லும் முறைகள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. முன்னாளில் தெருமுனையில் தண்டோரா போட்டுச் செய்தி அறிவித்தார்கள். ஊர்ச் செய்தியை எல்லோர் காதிலும் சேர்த்த அந்த மனிதரையோ, ஊரின் ஒதுக்குப்புறத்தில் வைத்திருந்தது சமுதாயம். ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் வந்துவிட்ட பிறகு தண்டோரா தேவையில்லை, அம்முறையைக் கைவிடுக என்று 2022-இல் தமிழக அரசு அறிவுறுத்தியது. இது மிகவும் தகும். செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும்; அதற்காக ஒருவரைத் தாழ்த்துவது கூடாது.

வானொலி இவ்விரண்டையும் நிறைவேற்றிக் காட்டிய கதை ஒன்று நம் தஞ்சைத் தரணியில் உண்டு. திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கப்பெற்றது. 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் குருவைக்கு ஏற்ற குறுகிய கால நெல் ஒன்றை வெளியிட்டது. ஆடுதுறை 27 என்பது அதன் பெயர். அதனை எப்படி விதைப்பது, எப்போது உரமிடுவது என்பவற்றை உழவர்கள் வானொலி வாயிலாகக் கேட்டறிந்தார்கள். கேட்டதைத் தேநீர்க் கடையிலும் களத்துமேட்டிலும் பேசினார்கள், விதைத்துப் பார்த்தார்கள். ஆராய்ச்சியாளர் வைத்த பெயர் மறைந்து, 'ரேடியோ நெல்' என்ற பெயரே அதற்கு நிலைத்தது. ஒரு செய்தி கடைமடை வரை சென்று நெல்லாக விளைந்தது.

இப்போது ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. ஒரு நொடியில் தெரு முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்கிறார்கள். விரைவு உண்மைதான். ஆனால் அந்தத் தெரு முழுவதிலும் யார் யார் அடங்குவர்? எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டி அதில் இருக்கிறாரா? விடியற்காலையில் குப்பை அள்ள வரும் தூய்மைப் பணியாளர் இருக்கிறாரா? வாடகைக்கு வந்து ஒரு மாதமே ஆன குடும்பம் இருக்கிறதா? இவர்களை விட்டுவிட்டுப் பரவும் செய்தி, தலைமடையிலேயே சுற்றி நிற்கும் நீரைப் போன்றது.

மாணவ நண்பர்களே, நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு சிறு குறிப்பேடு போதும். உங்கள் தெருவின் கடைவீட்டுக்குச் செல்லுங்கள். தண்ணீர் எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் வந்தது என்று கேட்டு எழுதுங்கள். எந்தக் கம்பத்தில் விளக்கில்லை, எந்த இடத்தில் கம்பி தாழ்ந்திருக்கிறது, எங்கே மழைநீர் தேங்குகிறது என்று பார்த்து எழுதுங்கள். நாளும் இடமும் குறியுங்கள். யாரிடம் தெரிவித்தீர்கள், எப்போது சீராயிற்று என்பதையும் குறியுங்கள். எவரையும் பழித்து ஒரு வரியும் எழுத வேண்டா. எழுதினால் அது வம்பாகிவிடும். ஒரு மாதத்தில் அந்த ஏடு உங்கள் தெருவின் உண்மையான வரலாறாக இருக்கும்.

அந்த ஏட்டை எடுத்துச் செல்வதற்கு இடமும் உண்டு. தஞ்சை 1866-இல் நகராட்சியாயிற்று, 2014-இல் மாநகராட்சியாயிற்று. அதற்கு 51 வார்டுகள் உள்ளன. நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைவதற்கான விதிகள் தமிழ்நாட்டில் 2022-இல் வகுக்கப்பட்டன. கூட்டம் கூடுகிறது என்றால், உங்கள் தந்தையாரோடும் தாயாரோடும் செல்லுங்கள். "எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை" என்று பொதுவாக முறையிடுவதைவிட, "தென்சிறகில் கடைசி ஐந்து வீடுகளுக்கு இம்மாதத்தில் இத்தனை நாள் நீர் ஏறவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல்லை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. கோயில் கல்வெட்டு எழுதியவர்கள் கையாண்ட முறையும் அதுதான்: தெரு, சிறகு, வீடு, பங்கு.

நாட்டைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அது நல்ல கல்வி. அந்தக் கல்வியை உங்கள் தெருக்கோடி வரை நடத்திச் செல்லுங்கள். கடைமடையில் நீர் ஏறிற்று என்ற செய்தியைக் கேட்ட பிறகே நல்ல நீர்ப்பாசன அதிகாரி உறங்கச் செல்வார். நல்ல குடிமகனுக்கும் அதுவே அளவு.