மலைப்படியும் சுரங்கப் பெட்டியும்



"வீட்டிலேயே காசு அடிக்கிற மிஷின் வெச்சிருக்கியாமே?" என்று காலையிலிருந்து நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அதைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

பெயர் பிட்ஆக்ஸ் காமா. உள்ளங்கை அளவு சர்க்யூட் போர்டு, மேலே ஒரு குட்டி ஃபேன். பெரிய பிட்காயின் சுரங்க இயந்திரத்தில் நூற்றுக்கும் மேல் இருக்கும் சிப்பில் ஒன்றே ஒன்று இதில். வைஃபை கொடுத்தால் ஓட ஆரம்பித்துவிடும். சுமார் 17 வாட். மாதம் 12 யூனிட். முதல் பார்வைக்கு அழகான பொறியியல்!

வேலை என்ன? எண்ணை மாற்றி மாற்றி ஒரே கணக்கைப் போட்டு, விடை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விழுகிறதா என்று பார்ப்பது. வினாடிக்கு சுமார் 1.2 லட்சம் கோடி தடவை! சராசரியாகப் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை உலகில் யாருக்காவது விழும். 2024 ஏப்ரல் முதல் அதற்குப் பரிசு 3.125 பிட்காயின்.

எங்கள் தெருத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, அம்மா நகையை அடகு வெச்சு பத்து வாங்கட்டுமா?"

பேப்பரில் கணக்குப் போட்டோம். 2025-இல் உலக இயந்திரங்களின் மொத்த வேகம் இந்தப் பெட்டியைப் போல 83 கோடி மடங்கைத் தாண்டிவிட்டது. ஆக, ஒரு பெட்டிக்குப் பரிசு சராசரியாக 16,000 வருஷத்துக்கு ஒரு தடவை. பத்துப் பெட்டிக்கு 1,600 வருஷம். பலரோடு கூட்டுச் சேர்ந்து ஓட்டினாலோ தினம் சில்லறைதான். 2022 ஏப்ரல் முதல் விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி வேறு. மிஷின், கரண்ட் செலவைக் கழிக்க இடமில்லை.

"விடாம ஓட்டினா கிட்ட நெருங்கிடாதா?" என்றார். அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். நம்ம மலைக்கு 365 படி. 300 ஏறினால் மீதி 65. இதில் அப்படியில்லை. ஒரு வருஷம் ஓடினாலும் நாளைக்கு நிற்பது முதல் படியில்தான். பழைய முயற்சி எதுவும் கணக்கில் சேராது.

நகை பீரோவிலேயே இருக்கிறது.

நிகழ்தகவைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல கருவி இல்லை. எனவே பெட்டியை நம் இயற்பியல் ஆய்வகத்துக்கே தருகிறேன். "மாதா மாதம் வருமானம்" என்று யாராவது இதை விற்க வந்தால், தம்பி தங்கைகளே, முதலில் பேப்பரும் பேனாவும் எடுங்கள்.