வெயில் இருக்கிறது, வெந்நீர் எங்கே?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மார்கழி நெருங்குகிறது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் நம் ப்ளாக்கில் நிறையப் பேர். குளிக்கக் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர். "இந்தப் பழைய சோலாரைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, வீட்டுக்கு ஒரு கீசர் வைத்துக்கொள்ளலாம்" என்ற யோசனை இன்றைய அஜெண்டாவில் இருக்கிறது. கை தூக்குவதற்கு முன் பத்து நிமிடம் கேளுங்கள். நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்து பேங்கில் கிளார்க்காக இருந்தவன். ஆனால் பேலன்ஸ் டாலி ஆகாவிட்டால் வித்தியாசம் எந்த லெட்ஜரில் என்று தேடிப் பழக்கம் உண்டு. இதுவும் அந்த மாதிரி வேலைதான்.

முதலில் வரவு செலவு. மாடியில் இருப்பது 500 லிட்டர் டேங்க். அதை 25 டிகிரி சூடேற்ற சுமார் 14 யூனிட் கரண்ட் வேண்டும். வெயில் அதைத் தினமும் இலவசமாக நம் கணக்கில் போடுகிறது. எட்டு வீட்டிலும் 2 கிலோவாட் கீசர் வைத்து, காலை ஆறு மணிக்கு எல்லோரும் சுவிட்சைப் போட்டால் 16 கிலோவாட். நம் பழைய ஒயரிங் அதைத் தாங்குமா என்று பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

சரி, கோளாறு எங்கே? ஒரு தெர்மாமீட்டரும் ஒரு எவர்சில்வர் டம்ளரும் போதும். டேங்கிலிருந்து கீழே இறங்கும் பைப்பில் மாடியிலேயே உள்ள குழாயில் மாலை 4 மணி, இரவு 9 மணி, காலை 5 மணி என மூன்று முறை தண்ணீர் பிடித்துச் சூடு பாருங்கள். காலையில் தரைத்தள வீட்டுக் குழாயிலும் ஒரு முறை பாருங்கள்.

மாலை 4 மணிக்கே சூடு இல்லையென்றால் வரவிலேயே குறை. டியூப் மேல் புழுதி படிந்திருக்கலாம். பக்கத்தில் புதிதாக எழும்பிய கட்டடமோ தண்ணீர்த் தொட்டியோ நிழல் போடலாம். நமக்கு மேற்கே மலை. வெயில் சீக்கிரம் இறங்கிவிடும். ஆகவே பகல் நிழல் நமக்குப் பெரிய நஷ்டம். கண்ணாடி டியூபின் அடிநுனியைப் பாருங்கள். வெள்ளி போல மின்னினால் நல்ல டியூப். பால் போல வெளுத்திருந்தால் உள்ளே வெற்றிடம் போய்விட்டது. அந்த ஒரு டியூபை மாற்றினால் போதும். தண்ணீர் சூடாகி மேலேறி, குளிர்ந்தது கீழிறங்கும் தானியங்கிச் சுழற்சியில்தான் இது ஓடுகிறது. நடுவில் காற்று அடைத்தாலோ, போர் தண்ணீரின் உப்பு படிந்தாலோ சுழற்சி நின்றுவிடும். சுண்ணாம்புச் சத்து சூட்டில்தான் அதிகம் படியும். அதனால் போர் தண்ணீர் ஓடும் சோலாருக்கு உப்பு எடுக்கும் வேலை அவ்வப்போது தேவை.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் சூடு குறைவது கோளாறு அல்ல. அதற்குத்தான் டேங்கில் கரண்ட் காயில் வைத்திருக்கிறார்கள்.

இரவு 9 மணிக்குச் சூடு இருந்து, காலை 5 மணிக்கு இல்லையென்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, டேங்கின் வெப்பக் காப்பு கெட்டிருக்க வேண்டும். இரண்டு, வெந்நீர் ராத்திரியில் எங்கோ போயிருக்க வேண்டும். இதைப் பிரித்தறிய, இரவு 9 மணிக்கு வெளியேறும் வால்வை மூடிவிட்டு, காலையில் மறுபடி சூடு பார்க்க வேண்டும்.

நானும் செயலாளரும் போன வாரம் இதைச் செய்தோம். மாலை 60 டிகிரி, இரவு 9 மணிக்கு 53, காலை 5 மணிக்கு 38. மறுநாள் இரவும் 53தான்; வால்வை மூடினோம்; காலையில் 50. ஆக டேங்க் நல்ல டேங்க், டியூபும் நல்ல டியூப். வெந்நீர் கட்டடத்துக்குள்தான் கசிகிறது.

அது எப்படி? மிக்ஸர் குழாயில் வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்துவிட்டு, கை ஷவரின் பட்டனை மட்டும் மூடுகிறோம். அப்போது இரண்டு லைனும் மிக்ஸருக்குள் சேர்ந்தே இருக்கும். அடுத்த வீட்டில் ஃப்ளஷ் செய்தால் சோலார் வெந்நீர் அந்த வழியாகப் பச்சைத் தண்ணீர் லைனுக்குப் போகும். அதற்கு ஈடாக மாடி டேங்கில் பச்சைத் தண்ணீர் ஏறும். பழைய மிக்ஸரின் உள்பாகம் தேய்ந்தாலும் இதே கதைதான்.

எந்த வீடு என்று கண்டுபிடிக்க, மாடி வால்வை மூடிவிட்டு ஒரு வீட்டின் வெந்நீர்க் குழாயைத் திறக்க வேண்டும். பைப்பில் மிச்சமிருப்பது வந்து நின்றால் சரி. நிற்காமல் வந்தால் எங்கோ பச்சைத் தண்ணீர் கலக்கிறது. ஒவ்வொரு வீட்டு மிக்ஸராக மூடிக்கொண்டே வந்தால் பிடிபட்டுவிடும். நம் ப்ளாக்கில் இரண்டு இடம் அகப்பட்டது. எந்த வீடு என்று இங்கே சொல்லப்போவதில்லை; அவர்களுக்கும் இது தெரிந்து நடந்ததல்ல. மிக்ஸரைச் சரிசெய்து, வெந்நீர் வரும் பைப்பில் ஒருவழி வால்வு போட்டால் முடிந்தது.

தரைத்தளத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முக்கால் அங்குல பைப்பில் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 300 மில்லி தண்ணீர் நிற்கும். 30 மீட்டர் இறங்கி வந்தால் அரை வாளி. அதை வாளியில் பிடித்துத் துணி அலசப் பயன்படுத்துங்கள். பைப்பின் கிழிந்த உறையை மாற்றினால் இந்தத் தொல்லையும் குறையும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் ரேடியேட்டர் பார்த்திருப்பீர்கள். மேல்பாதி குளிர்ந்திருந்தால் காற்று அடைப்பு, அடிப்பாதி குளிர்ந்திருந்தால் கசடு என்று அங்கே சொல்வார்கள். முழு பாய்லரை மாற்றும் முன் அவர்களும் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள்.

செய்யக்கூடாதவை நாலு. டேங்க் வறண்டிருந்தால் நடுப்பகலில் தண்ணீர் ஏற்றாதீர்கள். காய்ந்த கண்ணாடி விரிசல் விடும். வெயில் தாழ்ந்தபின் ஏற்றுங்கள். டேங்கின் காற்றுக் குழாயை அடைக்காதீர்கள். உப்பு எடுக்க பாத்ரூம் ஆசிட் ஊற்றாதீர்கள்; உலோகத்தையே அரித்துவிடும். நாலாவதுதான் மிக முக்கியம்: அவசரத்துக்கு என்று மூடிய குளியலறைக்குள் காஸ் கீசர் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. உள்ளே குளிப்பவருக்கு மயக்கம் வருமுன் எதுவும் தெரியாது. உயிர் போய்விடும்.

என் வேண்டுகோள் இதுதான். கழற்றும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவையுங்கள். மிக்ஸர், ஒருவழி வால்வு, பைப் உறை மூன்றையும் இந்த மாதமே முடிப்போம். மார்கழியில் தினமும் காலை 5 மணிச் சூட்டை நோட்டீஸ் போர்டில் எழுதுகிறேன். அதைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். இன்று இரவு படுக்கப்போகும் முன் மிக்ஸரின் இரண்டு பக்கத்தையும் மூடிவிட்டீர்களா என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள்.