எட்டு மணி மாத்திரை



மருந்தியல் கருத்தரங்கைப் பெரியதாழையில் எதற்கு வைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். இந்தக் கடற்கரையில் ஒரு மீனவர் என்னைத் திணறடித்ததுதான் காரணம். பல வருஷத்துக்கு முன்னால் அவருக்கு, "காலை 8, இரவு 8" என்று சீட்டு எழுதினேன். வாங்கிப் பார்த்தவர், "எட்டு மணிக்கு வலை வாங்கிட்டு நிப்பேன் டாக்டரே, ரெண்டு கையும் ஈரம்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரமே அரை ஆயுள். நூறு ஐம்பதாகும், ஐம்பது இருபத்தைந்தாகும். நாலைந்து அரை ஆயுள் கழிந்தால் ஏறக்குறையத் தீர்ந்துபோகும். வேளை தவறாமல் கொடுத்துவந்தால் மருந்தின் மட்டம் நிலைக்கவும் அதே நாலைந்து அரை ஆயுள் வேண்டும். சீட்டில் நான் எழுதிய "8" இந்தக் கணக்கில் வந்ததுதான்.

கணக்கு இவ்வளவுதான் என்றால், சென்னை சேத்துப்பட்டில் நடந்தது நடந்திருக்கக் கூடாது. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டில் வைத்தே நோயாளியைக் குணப்படுத்தலாம் என்று முதலில் காட்டியது. அடுத்து, மருந்தைத் தினமும் கொடுத்தாக வேண்டுமா என்று கேட்டது. காசநோய் மருந்தான ஐசோனியசிட்டின் அரை ஆயுள் சிலருக்கு ஒரு மணி நேரம், சிலருக்கு மூன்று மணி நேரம். கல்லீரலில் உள்ள ஒரு நொதி பரம்பரையாக வேகமாகவோ மெதுவாகவோ வேலை செய்வதால் வரும் வித்தியாசம் இது. இரண்டில் எதுவானாலும் மறுநாளைக்குள் மருந்து பெரும்பாலும் போய்விடும். ஆனாலும் ஒரு வேளை அளவை மூன்று மடங்குக்கு மேல் கூட்டி, ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் இன்னொரு மருந்தோடு வாரம் இரண்டே முறை கொடுத்தார்கள். தினசரி முறைக்கு அது சளைக்கவில்லை என்று 1964இல் முடிவு வெளிவந்தது. காசநோய்க் கிருமி ஒருமுறை பெருக ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும் மந்தக் கிருமி. நல்ல அடி வாங்கினால், மருந்து போன பிறகும் சில நாள் சுருண்டே கிடக்கும்.

வாரம் ஒரே முறை என்று இழுத்தபோதுதான் சாயம் வெளுத்தது. மருந்தை வேகமாகக் கழிக்கும் உடம்புக்காரர்கள் பின்தங்கினார்கள். ஒதுக்கி வைத்த அரை ஆயுள் அங்கே திரும்பி வந்தது. நாடு முழுக்க வாரம் மும்முறை கொடுத்துவந்த நாமும் 2017இல் தினசரி முறைக்கு மாறினோம். கொஞ்சம் தாமதம்தான் என்பது என் எண்ணம்.

ஐசோனியசிட்டுக்கு நேர் எதிர்க்கோடியில் பெடாகுயிலின். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தருவது. முதல் இரண்டு வாரம் தினமும் 400 மில்லிகிராம், பிறகு வாரம் மும்முறை 200. திசுக்களில் ஒதுங்கிக்கொண்டு மெல்லக் கசிவதால், இறுதிக்கட்ட அரை ஆயுள் ஏறக்குறைய ஐந்தரை மாதம். மாத்திரை தங்கும் என்று நாம் மகிழ்கிற இடத்தில்தான் ஆபத்து. ஒருவர் எல்லா மாத்திரையையும் பாதியில் நிறுத்திவிட்டுத் தொழிலுக்குப் போனால், துணை மருந்துகளில் பெரும்பாலானவை சில நாளில் மறைந்துவிடும். பெடாகுயிலின் மட்டும் மாதக்கணக்கில் தனியாக, கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும் அளவில் தங்கியிருக்கும்.

கட்டுரை வாசிக்க வந்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அட்டவணைகளில் உச்ச அளவு இருக்கிறது, அரை ஆயுள் இருக்கிறது. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்குள் எவ்வளவு மிஞ்சும், கரைக்கு வந்ததும் எதைப் போட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். காலையில் கடலுக்குப் போன சிலர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.