தேன்பெட்டியைக் கைமாற்றும் முறை
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



பரிசு கொடுக்கும் நாளில் வாத்தியார் தேன்பெட்டியைப் பற்றிப் பேசுகிறாரே என்று எண்ண வேண்டாம். கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு என்று சொல்லவே வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பால்மரம் வெட்டிய பெரியவர் ஒருவர் வேலை ஓய்ந்து, மகனோடு பட்டணம் போகத் தயாரானார். கொல்லையிலிருந்த இரண்டு தேன்பெட்டிகளைக் காட்டி, "வாத்தியாரே, நீங்க வச்சுக்குங்க" என்றார். ஆசை யாரை விட்டது? மறுநாள் பட்டப்பகலில் ஒன்றைத் தூக்கி வந்து, நூறு அடி தள்ளிப் பள்ளித் தோட்டத்தில் வைத்தேன். மாலையில் பார்த்தால், மேயப் போன ஈக்களெல்லாம் பழைய இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. நான்காம் நாள் மிச்சக் கூட்டமும் பறந்துவிட்டது. வெறும் அடைதான் கிடந்தது.

"குத்தம் உங்களது இல்ல. சொல்லிக் குடுக்காம குடுத்தேனே, அது என் குத்தம். ஈக்கு வீடு தெரியாது, இடம்தான் தெரியும்" என்றார் பெரியவர்.

இரண்டாம் பெட்டியை அவரே கூட இருந்து ஒப்படைத்தார். முதலில் அடையைத் தூக்கிக் காட்டினார். அறைக்குள் வெள்ளை நூல் துணுக்குப் போல முட்டை நின்றது. முட்டை மூன்று நாளில் பொரித்துவிடும். ஆகவே முட்டை இருந்தால், மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறாள் என்று பொருள். புழுக்கள் பை போல ஊதிச் செத்துக் கிடந்தால், அந்தப் பெட்டியை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அது சாக்புரூட் என்னும் வைரஸ் நோய். 1991-92இல் தென்னிந்தியாவில் கூட்டம் கூட்டமாகத் தேனீக்களை அழித்த நோய் அது.

பொழுது சாய்ந்து ஈயெல்லாம் அடைந்த பிறகு, காற்றுப் போகும்படி வாசலைக் கம்பிவலையால் அடைத்தோம். அடைகள் ஆடாதிருக்க, வண்டி போகும் திசைக்கு நீளவாட்டில் பெட்டியை வைத்தோம். நாலு மைல் தள்ளி வேறு தோட்டத்தில் மூன்று வாரம் வைத்திருந்து, அதன்பின் ஒரு இரவில் பள்ளிக்குக் கொண்டுவந்தோம். நிழலில் வைத்து, எறும்பு ஏறாமல் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தோம். சர்க்கரையும் தண்ணீரும் சமபங்காய்க் கரைத்துக் கொடுத்தோம். ஒரு வாரம் மூடியைத் திறக்கவில்லை. நம் நாட்டுத் தேனீ பசித்தாலும் ஓடும், தொல்லை கொடுத்தாலும் ஓடும்.

"ரப்பர் மரம் இலை கொட்டித் துளிர்க்கும்போது தேன் எடுங்க. மழைக்காலத்துக்கு அதுங்களுக்கும் வைங்க" என்பதே அவர் கடைசியாகச் சொன்னது. அவர் இன்று இல்லை. அவர் பெட்டி இன்று மூன்றாகிவிட்டது. அதில் ஒன்றை, இவ்வாண்டு ஆறாம் வகுப்பு முடிக்கும் மாணவன் ஒருவன் வீட்டுக்குக் கொடுக்கிறேன். முதலில் அவனையும் அவன் அப்பாவையும் அடை முன்னே உட்கார வைப்பேன்.

பெற்றோர்களே! நீங்கள் பால்மரத்தடியில் கற்றது, அடுப்படியில் கற்றது எத்தனையோ. பொருளை மட்டும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். இல்லாவிட்டால் வெறும் அடைதான் மிஞ்சும்.