வீட்டுக் கணினியில் தமிழுக்கு ஓரிடம்



தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவர் பிள்ளைகளிற் பலர் தமிழ் பேசுவர். படிக்கச் சொன்னாலோ விழிப்பர். பள்ளியிலும் தெருப் பலகையிலும் அவர்கள் காண்பது வேற்றெழுத்தே. வீட்டுக் கணினியின் உலாவியைச் சற்றே திருத்தியமைத்தால் இக்குறை ஓரளவு நீங்கும்.

'எட்ஜ்' என்னும் உலாவியில் கண்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளோடு யு விசையையும் சேர்த்து அழுத்தினால், திறந்துள்ள பக்கத்தை அது உரக்கப் படிக்கும். பல்லவி, வள்ளுவர் எனத் தமிழ்க் குரல்கள் உள, வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஒலிக்கும் சொல் திரையில் நிறமிட்டுத் தோன்றும். எந்திரக் குரலேயாயினும், பேச்சறிந்து எழுத்தறியாத பிள்ளைக்கு இதனினும் ஏற்ற துணையை நான் கண்டிலேன். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் ஆத்திசூடி இலவசமாகக் கிடைக்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம்.

அடுத்து, அகராதி. அமைப்புகளில் தேடுபொறிப் பகுதிக்குச் சென்று, தமிழ் விக்சனரியின் முகவரியைச் சேருங்கள். சொல் வரவேண்டிய இடத்தில் விழுக்காட்டுக் குறியும் எஸ் என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தும் இடுதல் வேண்டும். அதற்கொரு சுருக்கக் குறியீட்டையும் வைத்துவிட்டால், முகவரிப் பட்டையிலிருந்தே பொருள் தேடலாம்.

விளம்பரம் தடுப்பவை முதலாக நீட்சிகள் எண்ணிறந்தன. கண்டதையெல்லாம் சேர்த்தல் தகாது. நாம் காணும் பக்கங்கள் அனைத்தையும் படிக்கவும் மாற்றவும் அவற்றுட் பல அனுமதி கேட்கின்றன. வங்கிக் கணக்குப் பக்கமும் அதில் அடங்குமன்றோ? என் கணினியில் இரண்டுக்குமேல் வைத்திலேன். நீங்களும் இன்றே பட்டியலைப் பார்த்து, வேண்டாதவற்றை நீக்கிவிடுங்கள்.