ஸ்கீ வாங்கப் போறீங்களா? சாயங்காலம் ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க

(எபிசோடில் பேசியது, படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டது.)

பொம்மிடியில இருந்து பேசறேன். எங்க ஊர்ல இருந்து பாத்தா சேர்வராயன் மலை தெரியும். மார்கழியில அங்க மூடுபனி இறங்கும், அவ்வளவுதான். இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு ஸ்கீ வாங்கறதைப் பத்திப் பேசப் போறியான்னு வீட்லயே சிரிச்சுட்டாங்க. ஆனா கேள்வி வந்திருக்கே, பதில் சொல்லித்தானே ஆகணும்.

ம்யூனிக்ல வேலை பாக்கற ஒரு நேயர் எழுதியிருக்கார்: "ப்ரோ, மூணு சீசனா வாடகை ஸ்கீதான். இப்ப சொந்தமா வாங்கலாம்னு இருக்கேன். கடையில ஒரு ரேஸ் மாடலைக் காட்டி, நல்லா ஓட்டறவங்க இதைத்தான் வாங்குவாங்கன்னு சொல்றாங்க. ஆயிரம் யூரோ பக்கம் வருது. வாங்கலாமா?"

இது அவர் ஒருத்தரோட கேள்வி இல்ல. ஜெர்மனி, ஆஸ்திரியான்னு வேலைக்குப் போன நம்ம பசங்க நிறைய பேர் ரெண்டாவது குளிர்காலத்துலயே ஸ்கீ கத்துக்க ஆரம்பிச்சுடறாங்க. ஸ்விட்சர்லாந்துல வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துலயே ஸ்கீ கேம்ப் உண்டு. இங்க இருந்து குல்மார்க் போற கூட்டமும் இருக்கு. அந்த குல்மார்க் பக்கத்து ஆரிஃப் கான்தான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல இந்தியா சார்பா போன ஒரே வீரர். ஜெயன்ட் ஸ்லாலம்ல 45-வது இடம். அவரோட அப்பா குல்மார்க்ல ஸ்கீ சாமான் கடை வச்சிருந்தவர்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதல்ல, எந்தப் பனியில ஓட்டப் போறீங்க?

பிஸ்ட்னா மெஷின் ஓட்டி அழுத்தி, சமன் பண்ணி வச்ச பனிச்சரிவு. காலையில போனா சிமெண்ட் தரை மாதிரி கெட்டியா இருக்கும். அதுக்குன்னே செஞ்ச ஸ்கீக்கு நடுப்பகுதி ஒல்லி, 65-ல இருந்து 75 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கும். ஓரத்துல இருக்கற இரும்பு எட்ஜ் கிட்டத்தட்ட உங்க பாதத்துக்கு நேர் கீழ வந்துடும். அதனால ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் சாய்க்கறது சீக்கிரம் நடக்கும், முட்டிக்கும் திருகல் கம்மி.

இதையே குல்மார்க்ல கோண்டோலா ஏறி அஃபர்வட் மேல எடுத்துட்டுப் போனா கதை வேற. அங்க பெரும்பாலும் சமன் பண்ணாத, ஆழமான புதுப் பனி. அதுல ஒல்லி ஸ்கீ புதைஞ்சு போகும். 100 மில்லிமீட்டர் பக்கம் அகலம் இருக்கறதுதான் மிதக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை குல்மார்க் போறது மட்டும்தான் உங்க திட்டம்னா, பிஸ்ட் ஸ்கீயே வேண்டாம், வாடகைக்கு எடுங்க. துபாய்ல இருக்கறவங்களுக்கு ஸ்கீ துபாய் 2005-ல இருந்து இருக்கு. ஆனா அங்க நீளமான சரிவே 400 மீட்டர்தான். பழகலாம். ஒரு வேகமான ஸ்கீயோட முழு குணம் அதுக்குள்ள தெரியாது.

ம்யூனிக் நேயருக்கு இந்தப் பிரச்சினை இல்ல. ஆல்ப்ஸ் பக்கத்துலயே இருக்கு, போறதும் பிஸ்ட்லதான். அவருக்கு பிஸ்ட் ஸ்கீ சரி. ஆனா எந்த பிஸ்ட் ஸ்கீ?

ஏற்காடா, தொப்பூரா?

ஸ்கீ மேல 121-68-103, ஆர் 13 மீட்டர்னு ஏதாவது அச்சடிச்சிருக்கும். முதல் மூணும் முனை, நடு, வால், இந்த மூணு இடத்தோட அகலம், மில்லிமீட்டர்ல. நடு ஒல்லியா இருக்கறதால பக்கவாட்டு ஓரம் ஒரு வட்டத்தோட சின்னத் துண்டு மாதிரி வளைஞ்சிருக்கு. அந்த வட்டத்தோட ஆரம்தான் 13 மீட்டர். இந்த வளைவை 1993 வாக்கில ஸ்லோவேனியாவோட எலான் கம்பெனி எஸ்சிஎக்ஸ் மாடல்ல ஆழமாக்குச்சு. அதுக்கு முன்னாடி ஸ்கீ கிட்டத்தட்ட நேர்க்கோடுதான். ஸ்கீயைச் சாய்ச்சு, உங்க எடையால அது வில் மாதிரி வளைஞ்சா ஆரம் இன்னும் சுருங்கும். எளிய கணக்குல ஆரம் பெருக்கல் சாய்வுக் கோணத்தோட கொசைன். 60 டிகிரி சாய்ச்சா பாதி.

சேலத்துல இருந்து ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு வருதே, அதுக்கு ஏத்த வண்டி ஸ்லாலம் வகை. நீளம் 155-ல இருந்து 170 சென்டிமீட்டர், ஆரம் 11-ல இருந்து 14 மீட்டர். சட்டு சட்டுனு திரும்பும். நேரா வேகமா விட்டா படபடன்னு ஆடும். தொப்பூர் கணவாய் இறக்கம் மாதிரி வேகமும் பெரிய வளைவும் உள்ள பாதைக்கு ஜெயன்ட் ஸ்லாலம் வகை. கடையில கிடைக்கறதுல ஆரம் 16-ல இருந்து 20 மீட்டர் வரைக்கும். வேகத்துல அமைதியா நிக்கும். மெதுவாப் போனா திரும்பவே அடம் பிடிக்கும்.

இப்ப அந்த "ரேஸ்" ஸ்டிக்கருக்கு வருவோம். சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தோட உலகக் கோப்பை விதிப்படி ஆண்களோட ஜெயன்ட் ஸ்லாலம் ஸ்கீக்குக் குறைஞ்சபட்ச நீளம் 193 சென்டிமீட்டர், ஆரம் 30 மீட்டர். கடையில அதே நிறத்துல, அதே பேர்ல தொங்கற 175 சென்டிமீட்டர் ஸ்கீ அது இல்ல. அப்படி இல்லாததே நமக்கு நல்லது. "டைட்டானல்"னு ஒரு வார்த்தையும் சொல்லுவாங்க. பேரைக் கேட்டா டைட்டானியம்னு தோணும், ஆனா அது அலுமினியக் கலவை. ரெண்டு தகடு வச்சா அதிர்வு அடங்கும், பிடிப்பு கூடும். கூடவே ஸ்கீ விறைப்பாகும். வளைக்கறதுக்கு உங்க எடையும் வேகமும் பத்தலைன்னா அது ஒரு விலையுயர்ந்த பலகை, அவ்வளவுதான்.

பூட்ஸை மாத்தாதீங்க

சொந்தமா பூட்ஸ் இல்லைன்னா ஸ்கீயைப் பத்தி யோசிக்கவே வேண்டாம், முதல்ல பூட்ஸ் வாங்குங்க. காலுக்கும் ஸ்கீக்கும் நடுவுல இருக்கற ஒரே கம்பி அதுதான். அது லூசா இருந்தா எந்த ஸ்கீயும் தாமதமாத்தான் கேக்கும். அதுவுமில்லாம டெஸ்ட் பண்ணும்போது ஒரே பூட்ஸ்ல எல்லாத்தையும் ஓட்டினாதான் ஒப்பிட முடியும். நம்ம கோட்ல ஒரே நேரத்துல நாலு விஷயத்தை மாத்திட்டு, எதனால வேகம் கூடுச்சுன்னு தேடுவோமா? அதேதான் இங்கயும். பூட்ஸ் சோல் வகை அந்த பைண்டிங்குக்குப் பொருந்துமான்னும் கேட்டுடுங்க.

டெஸ்ட் நாள்

ஆல்ப்ஸ்ல லிஃப்ட் பக்கத்துல இருக்கற பல கடைகள்ல டெஸ்ட் ஸ்கீ கிடைக்கும். ஒரே நாள்ல மாத்தி மாத்தி எடுத்துக்கலாம், வாங்கினா வாடகையைக் கழிச்சுக்கற கடைகளும் உண்டு. ஆஸ்திரியாவுல ப்ராஜெக்ட்டுக்காக இருந்த ரெண்டு குளிர்காலத்துல நான் பண்ணின முறையைச் சொல்றேன்.

மூணு ஜோடி போதும். ஒரு ஸ்லாலம் வகை, ஒரு ஜெயன்ட் ஸ்லாலம் வகை, ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு. ஒரே சரிவு, ஒரே லிஃப்ட். காலையில ஏ, பி, சி வரிசை. மத்தியானத்துக்கு மேல தலைகீழா சி, பி, ஏ. ஏன்னா நேரம் ஆக ஆக பனி மாறும், உங்க காலும் மாறும். ஒரே வரிசையில ஓட்டினா கடைசி ஸ்கீ எப்பவும் களைச்ச காலையும் குழம்பின பனியையும்தான் பாக்கும்.

ஒவ்வொண்ணும் எடுக்கும்போது எட்ஜைப் பாருங்க. விரல் நகத்தை எட்ஜுக்குக் குறுக்கா லேசா இழுத்தா நகம் கொஞ்சம் சீவணும். சீவலைன்னா மழுங்கிடுச்சு. எத்தனை டிகிரியில தீட்டியிருக்காங்கன்னும் கேளுங்க. ஒண்ணு புதுசா 87 டிகிரி, இன்னொண்ணு நாலு நாள் வாடகைக்குப் போய் வந்ததுன்னா, நீங்க ஒப்பிடறது ரெண்டு ஸ்கீயை இல்ல, ரெண்டு தீட்டலை.

முதல் ஓட்டத்துக்கு மார்க் போடாதீங்க, அது பழகறதுக்கு. அடுத்ததுல நாலு விஷயம் பாருங்க. மெதுவா, சின்னச் சின்னத் திருப்பம் வருதா? வேகமா, பெரிய திருப்பத்துல முனை ஆடாம நிக்குதா? பளபளன்னு ஐஸ் தெரியற இடத்துல கடிச்சுப் பிடிக்குதா? திருப்பம் நடுவுல மனசு மாறினா, அதாவது முன்னாடி யாரோ விழுந்து கிடந்தா, உடனே விட்டுக்கொடுத்து வேற பக்கம் வருதா? லிஃப்ட்ல மேல போகும்போதே போன்ல எழுதிடுங்க. விலையை அதுக்கப்புறம் கேளுங்க.

முட்டி உங்களோடது

இந்த நாலாவது கேள்விதான் முக்கியம். விறைப்பான ஸ்கீயோட வால் பலமா இருக்கும். களைச்சுப் போய் உடம்பு பின்னாடி சாஞ்சு உக்கார்ற நிலைக்கு வந்தா, அந்த வால் பனியைப் பிடிச்சுக்கிட்டு அது போற பக்கம் போகும், முட்டி இன்னொரு பக்கம் திரும்பும். முட்டிக்குள்ள இருக்கற ஏசிஎல் தசைநார் கிழியறது ஸ்கீ விபத்துகள்ல ரொம்ப சாதாரணம். பைண்டிங் கழண்டுக்குமேன்னு நினைக்கலாம். வழக்கமான பைண்டிங் கால் எலும்பைக் காப்பாத்தத்தான் வடிவமைச்சது, ஏசிஎல்லை அது எப்பவும் காப்பாத்தாது.

அதனால பைண்டிங் எண்ணை உங்க எடை, உயரம், வயசு, ஓட்டற விதம், பூட்ஸ் சோல் நீளம் இதையெல்லாம் உண்மையாச் சொல்லி, ஒவ்வொரு ஜோடிக்கும் கடைக்காரரை வச்சே செட் பண்ணுங்க. "நான் எக்ஸ்பர்ட்"னு சொல்லி எண்ணை ஏத்தற இடம் இது இல்ல. வெளிநாட்டுல தனியா ரூம் எடுத்து இருக்கறவங்களுக்கு முட்டி ஆபரேஷன்னா பல மாசம். யார் சமைச்சுப் போடுவாங்க, யார் படி ஏத்தி விடுவாங்க?

முடிவு எப்படி எடுக்கறது?

காலை ஒன்பது மணிக்கு, ஃப்ரெஷ்ஷா, புதுசா சமன் பண்ணின பனியில எல்லா நல்ல ஸ்கீயும் அருமையா இருக்கும். அப்ப உங்களைப் பத்தி உங்களுக்கே ஒரு பெருமை வரும். ரேஸ் மாடல் விக்கறது அந்தப் பெருமையாலதான். மூணு மணிக்கு பனி குவியல் குவியலா, தொடை எரியுது, வெளிச்சம் மங்குது. உங்க நாள்ல பாதி இப்படித்தான் இருக்கும். அந்த நேரத்துல உங்க பேச்சைக் கேட்ட ஜோடி எதுவோ, அதை வாங்குங்க. காலை மார்க் சமமா இருந்தா மட்டும் இல்ல, கொஞ்சம் கம்மியா இருந்தாலும் அதைத்தான்.

அதனால ம்யூனிக் தம்பி, ரேஸ் மாடலை வேண்டாம்னு சொல்லல. மத்த ரெண்டோட அதையும் லிஸ்ட்ல போட்டு ஓட்டிப் பாருங்க. அவசரமும் இல்ல. சீசன் முடியற மார்ச், ஏப்ரல்ல அதே மாடல் விலை இறங்கும். அடுத்த வருஷம் பெயிண்ட் மட்டும் மாறி வர்றதும் உண்டு. மிச்சமாகற காசுல ரெண்டு நாள் கோச் வச்சுக்கங்க, எந்த ஸ்கீயும் இன்னும் நல்லா ஓடும்.

டெஸ்ட் பண்ணிட்டு அந்த நோட்ஸை எனக்கு அனுப்புங்க, கேள்வி பதில் எபிசோடில் படிக்கறேன்.