அடிபட்ட இடத்தை அலட்சியம் செய்யலாகாது
(சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கடன் வாங்கிய குடியானவர் வட்டியைக் கட்டாது தவணைகளைக் கடத்துவாராயின், சிறு தொகையும் பெருங்கடனாய் விடுகிறதென்பது சங்கத்தார் யாவரும் அறிந்த விஷயம். உடம்பில் பட்ட அடியும் அத்தன்மையதே. அன்றே கவனித்தால் சில வாரங்களில் தீரக்கூடியது, கவனியாது விட்டால் ஆயுள் முழுதும் வருத்தும் நோவாக நிலைத்து விடலாம். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலியென்று வைத்தியர்கள் வழங்குகின்றனர்.

ஓர் உதாரணம் கூறுவோம். வரப்பில் வழுக்கி விழும் ஒருவர் கையை ஊன்றுகிறார். மணிக்கட்டில் சிறிது வீக்கம் காண்கிறது, விரல்கள் அசைகின்றன. ஆகவே சுளுக்கென்று எண்ணி, எண்ணெய் தடவி நீவிவிட்டு, மறுநாளே மண்வெட்டி பிடிக்கிறார். விரல் அசைவதனால் எலும்பு முறியவில்லை என்று கொள்வது தவறு. மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாகவுள்ள சிற்றெலும்பு ஒன்று முறிந்திருக்கக் கூடும். அவ்வெலும்பின் ஒரு பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவாதலால் அது மெதுவாகவே கூடும். முதல் நாள் எக்ஸ்ரே படத்தில் முறிவு தென்படாமற் போவதுமுண்டு. வலி நீங்காவிடில் 10 முதல் 14 நாட்கள் கழித்து மீண்டும் காட்டுதல் அவசியம். கவனியாது விட்டால் எலும்பு கூடாமல், சில ஆண்டுகளில் மூட்டுத் தேய்ந்து, களைக்கொத்துப் பிடிக்கவும் அக்கை உதவாது.

மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டுவதும் ஆபத்தானது. கட்டியபின் விரல்கள் மரத்தோ வெளுத்தோ போய், வலி மிகுமாயின், கட்டை உடனே தளர்த்தி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். இரத்த ஓட்டம் சில மணி நேரம் தடைப்பட்டாலே தசை அழிந்துவிடும். கணுக்கால் பிசகியவர் நான்கு அடி எடுத்து வைக்க இயலாவிடினும், முதுகில் அடிபட்டவருக்குக் கால் மரத்தாலும், நீர் இறங்காவிடினும் தாமதம் கூடாது. மண் பட்ட காயத்திற்கு ரணஜன்னித் தடுப்பூசி தேவையா என்று கேட்டறிக.

பழைய அடியை இனிக் காட்டி என்ன பயன் என்பாருமுண்டு. அடிக்கடி பிசகும் கணுக்காலும், நழுவும் தோளும், தக்க பயிற்சியால் வலுப்பெறக்கூடும். காயம் ஆறிய பின்னும் நரம்புகள் வலியை உணர்த்திக்கொண்டே இருப்பதுண்டு. அதற்கும் சிகிச்சை உளது. அசையாது படுத்திருந்தால் தசை மெலிந்து நோவு வளரும். கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டிற்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது.

அறுவடைக் காலத்தில் ஒரு நாள் வேலை போகுமே என்றஞ்சி அடியை மறைப்பவர், பின்னர் பல அறுவடைகளை இழக்கிறார். கூலியாள் வைத்துக் கடன்படுகிறார். ஆகையால், அடிபட்ட அங்கத்தினரை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பி வைப்பதும், அவர் வேலையை அயலார் ஓரிரு நாள் பகிர்ந்து செய்வதும் ஒவ்வொரு சங்கத்துப் பஞ்சாயத்தாரும் முன்னின்று நடத்தற்குரிய காரியங்களாகும்.